கல் வேறு, பொன் வேறு, கூலி வேறு

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

கல் வைத்த மோதிரம் ஒன்று வாங்கவேண்டும், பழைய சங்கிலியை விற்றுவிடலாமா என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி காதில் விழாது, மீதி மறந்துபோகும். அதனால் எழுதுகிறேன். கடைக்குப் போகுமுன் ஒருமுறை படித்துவிட்டுப் போ.

எந்த நகையிலும் மூன்று விலை சேர்ந்திருக்கும்: உலோகம், கல், கைவேலை. வாங்கும்போது மூன்றுக்கும் பணம் கொடுக்கிறாய். விற்கும்போது உலோகத்தின் விலை பெரும்பாலும் கைக்கு வரும், கல்லுக்குக் கொஞ்சம் வரும், செய்கூலி போனது போனதுதான். ஆகவே ரசீதில் மூன்றும் தனித்தனி வரியாக இருக்கட்டும். ‘மொத்தமாக இவ்வளவு’ என்று எழுதிக் கொடுக்கும் இடத்தில் வாங்காதே. செய்கூலி குறைவு என்று சொல்லிவிட்டு, சேதாரம் என்ற பெயரில் எடைக்குச் சதவீதம் போடுவார்கள். அதுவும் கூலிதான். இரண்டையும் கூட்டி, கிராமுக்கு எவ்வளவு விழுகிறது என்று பார்த்துத்தான் ஒரு கடையை இன்னொரு கடையோடு ஒப்பிடவேண்டும்.

உலோகத்தின் தரம் முத்திரையில் எண்ணாக இருக்கும். ஆயிரத்தில் எத்தனை பங்கு பொன் என்பதுதான் அந்த எண். 916 என்றால் 22 காரட், 750 என்றால் 18, 585 என்றால் 14. வெள்ளிக்கு 925, பிளாட்டினத்துக்குப் பெரும்பாலும் 950. தரம் கூடினால் நகையும் உயர்ந்தது என்று நினைத்துவிடாதே. பொன் சுத்தமாக ஆக மென்மையாகும். 22 காரட்டில் கல்லைப் பிடித்திருக்கும் சின்ன நகங்கள் சீக்கிரம் வளைந்து கொடுத்துவிடும். தினமும் போடும் கல் மோதிரத்துக்கு 18 காரட்டே போதும், அதுதான் நல்லதும்கூட.

இந்தக் காரட் என்ற சொல் ஆளைக் குழப்பும். பொன்னுக்கு அது தரம், கல்லுக்கு எடை. 1 காரட் கல் 0.2 கிராம். கல்லையும் சேர்த்து நிறுத்து, முழு எடைக்கும் பொன் விலை போடுவது பழைய வித்தை. கணக்கு இப்படி: நகை மொத்தம் 24 கிராம், கற்கள் 15 காரட் என்று வை. கல் 3 கிராம் போக, நிகர எடை 21 கிராம். 916 தரம் என்றால் அதில் சுத்தப் பொன் 21 × 0.916, ஏறத்தாழ 19.24 கிராம். இதைச் சுத்தப் பொன்னின் அன்றைய விலையால் பெருக்கு. அவர்கள் சொல்லும் விலை 22 காரட்டுக்கானது என்றால் 21 கிராமையே பெருக்கவேண்டும். எந்தக் காரட்டின் விலை என்று முதலிலேயே கேட்டுக்கொள்.

வைரம் வாங்குவதாக இருந்தால் வெட்டுக்கு முதலிடம் கொடு. வெட்டு சரியில்லாத பெரிய கல், நன்றாக வெட்டிய சின்னக் கல்லிடம் தோற்றுப்போகும். 1 காரட் வட்டக் கல் சுமார் 6.5 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். 0.95 காரட்டுக்கும் அதற்கும் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, விலையில் மட்டும் 1.00 என்ற எண்ணில் ஒரு தாவல். ஜி.ஐ.ஏ. போன்ற ஆய்வகச் சான்றிதழ் இருந்தால், அதன் எண் கல்லின் விளிம்பில் லேசரால் பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று பத்து மடங்கு லென்ஸில் நீயே பார். கடையில் கல்லின்மேல் வைத்துக் காட்டும் சோதனைப் பேனாவை அப்படியே நம்பாதே. அது கல் எவ்வளவு வேகமாக வெப்பத்தைக் கடத்துகிறது என்றுதான் பார்க்கிறது. ஆய்வகத்தில் வளர்த்த வைரமும் அதே கரிமம்தான் என்பதால் அதற்கும் ‘வைரம்’ என்றே காட்டும். வைரம்போலவே மின்னும் வேறொரு கல்லான மாய்சனைட்டிடமும் ஏமாந்துபோகும். வளர்த்த வைரம் போலி இல்லை, ஆசைக்கு வாங்கலாம். ஆனால் திருப்பி விற்கப் போனால் சொற்பம்தான் கிடைக்கும்.

வண்ணக் கல்லில் ஒரே கேள்வி: என்ன பக்குவம் செய்திருக்கிறார்கள்? மாணிக்கத்தையும் நீலத்தையும் சூடேற்றி நிறம் கூட்டுவது வழக்கம், அது நிலைத்து நிற்கும். விரிசலில் ஈயக் கண்ணாடி நிரப்பிய மாணிக்கம் அப்படியில்லை, எலுமிச்சைச் சாறே அதைக் கெடுத்துவிடும். மரகதத்துக்குப் பெரும்பாலும் எண்ணெய் ஏற்றியிருப்பார்கள். எதுவானாலும் ரசீதில் எழுதி வாங்கு.

இனி சங்கிலி. போவதற்கு முன் வீட்டிலேயே எடை பார்த்துக் குறித்துக்கொள். குறைந்தது மூன்று இடத்தில் விலை கேள். கடையில் வைத்திருக்கும் எக்ஸ் கதிர் இயந்திரம் மேற்பரப்பை மட்டும்தான் படிக்கும். கனமான முலாம் அதை ஏமாற்றும், இணைப்புகளை ஒட்டவைக்க உருக்கி ஊற்றும் தரம் குறைந்த கலவையான பொடியின் மேல் பட்டால் தரத்தைக் குறைத்துக் காட்டும். நான்கைந்து இடங்களில் வைத்துப் பார்க்கச் சொல். பொடி வைத்து ஊதிய இணைப்புகள் நிறைய உள்ள பழைய நகை, உருக்கினால் முத்திரையில் உள்ளதைவிடச் சற்றுக் குறைந்த தரம்தான் காட்டும். அதை ஏமாற்று என்று சண்டைக்குப் போகாதே. ஆனால் உருக்குமுன் விலை பேசி முடித்து, எழுத்தில் வாங்கிக்கொள். உருக்கிய பிறகு பேரம் பேச உன் கையில் ஒன்றும் இருக்காது. காப்பீட்டுக்காகப் போட்ட மதிப்பை எடுத்துக்கொண்டு விற்கப் போகாதே. அது புதிதாக வாங்க ஆகும் செலவு, விற்கும் விலை அல்ல.

வீட்டில் பராமரிப்பதற்குப் பெரிய சாமான் ஒன்றும் வேண்டாம். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு, இருபது நிமிடம் ஊறல், பிறகு குழந்தைகள் பல் துலக்கும் மென்மையான பிரஷ். கல்லின் பின்பக்கத்தைத் தேய். ஒளி மங்குவது அங்கே எண்ணெய்ப் பசையும் சோப்பும் சேர்வதால்தான். கழுவும் தொட்டியில் நேராகச் செய்யாதே, கிண்ணத்தில் செய். பற்பசை வேண்டவே வேண்டாம். அதிலுள்ள துகள் பொன்னைக் கீறும்.

மரகதம், ஓப்பல், முத்து மூன்றுக்கும் அதிர்வில் சுத்தம் செய்யும் இயந்திரமும் ஆவியும் ஆகாது. முத்தை ஈரத்துணியால் துடைத்தால் போதும். வாசனைத் திரவியம், வியர்வை இரண்டும் அதன் மினுக்கைத் தின்னும். எல்லாம் பூசி முடித்தபின் கடைசியாகப் போடு, முதலில் கழற்று. பட்டு நூல் நீண்டு, முத்துக்கு நடுவே இடைவெளி தெரிந்தால் மாற்றிக் கோக்கக் கொடு. தொங்கவிடாமல் படுக்க வை.

குளோரின்தான் பெரிய எதிரி. நீச்சல் குளத்துக்கும், பிளீச் ஊற்றிக் கழுவும் வேலைக்கும் மோதிரத்தோடு போகாதே. குறைந்த காரட் பொன்னிலும், நிக்கல் கலந்த வெள்ளைப் பொன்னிலும் நகங்கள் கண்ணுக்குத் தெரியாமல் வெடிக்கும். ஒருநாள் கல் மட்டும் விழுந்திருக்கும். வெள்ளைப் பொன் மஞ்சளடித்தால் பயப்படாதே, மேலிருக்கும் ரோடியம் பூச்சு தேய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். திரும்பப் பூசிக்கொள்ளலாம்.

மாதம் ஒருமுறை மோதிரத்தைக் காதருகே வைத்து மெல்லத் தட்டு. கடகடவென்று ஒலித்தால் கல் ஆடுகிறது. துணியில் நூல் இழுத்தால் நகம் தூக்கியிருக்கிறது. அன்றிலிருந்து பழுது பார்க்கும் வரை போடாதே. ரிப்பேருக்குக் கொடுக்கும்போது இரு பக்கமும் படம் எடுத்து, எடையையும் கற்களின் எண்ணிக்கையையும் ரசீதில் எழுதச் சொல். சங்கிலியில் எப்போதும் முதலில் தேய்வது கொக்கி மாட்டும் வளையம்தான். வைரத்தை மற்றதோடு ஒரே பெட்டியில் போடாதே, எல்லாவற்றையும் கீறிவிடும்.

மோதிர அளவை மாலையில் எடு. காலையிலும் குளிரிலும் விரல் சிறுத்திருக்கும். சுற்றிலும் கல் பதித்த மோதிரத்தைப் பின்னால் பெரிதாக்குவது கடினம், அதில் மட்டும் அளவு தவறக்கூடாது. சங்கிலியின் எடையையும் முத்திரையின் படத்தையும் எனக்கு அனுப்பு, கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா