மாத்திரை போட்டதால் விழமாட்டாய் என்று யார் சொன்னது?

அன்புள்ள விமலா,

கடிதம் கிடைத்தது. பேத்தி கல்லூரியில் சேர்ந்ததை ஒரு பக்கம் எழுதிவிட்டு, ராத்திரி நீ விழுந்ததைக் கடைசியில் இரண்டே வரியில் போட்டிருக்கிறாய்! எலும்பு முறியவில்லை, இடுப்பில் கன்றிப்போனதோடு சரி என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. பேத்திக்கு என் வாழ்த்தைச் சொல். இங்கே அவருக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது படியில் தடவித் தடவி இறங்குவதில்லை. எனக்கு முழங்கால் வலி வருவதும் போவதுமாக இருக்கிறது, மற்றபடி குறையில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். அன்றிலிருந்து கால்சியமும் வைட்டமின் டியும் போட ஆரம்பித்துவிட்டேன், இனி விழுந்துவிடுவேன் என்ற பயம் இல்லை என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. இத்தனை வருடம் நர்ஸாக இருந்துவிட்டு உன்னிடம் இதைச் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? அந்த மாத்திரைகள் உன்னை விழாமல் பிடித்து வைக்காது விமலா.

அந்த நம்பிக்கை ஒன்றுமில்லாததிலிருந்து வரவில்லை, அதையும் சொல்லவேண்டும். 1992இல் பிரான்ஸில் முதியோர் இல்லங்களில் இருந்த 3,270 பெண்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு வந்தது. தினமும் 1,200 மி.கி. கால்சியமும் 800 யூனிட் வைட்டமின் டியும் கொடுத்தார்கள், ஒன்றரை வருடம் விடாமல் எடுத்துக்கொண்டவர்களிடம் இடுப்பெலும்பு முறிவு 43 சதவீதம் குறைந்திருந்தது. அதன் பிறகு உலகம் முழுக்க இது பரவியது. ஆனால் அவர்களுடைய சராசரி வயது 84, ரத்தத்தில் வைட்டமின் டி குறைவாக இருந்தவர்கள். நீ தினமும் வெளியே நடந்து, நன்றாகச் சாப்பிட்டு, உன் வேலையை நீயே செய்துகொள்கிறவள். உன்னைப் போல வீட்டில் நடமாடிக்கொண்டிருப்பவர்களிடம் பிறகு செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. அமெரிக்காவில் 25,871 பேருக்கு, பாதிப் பேருக்கு தினமும் 2,000 யூனிட், மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை என்று ஐந்து வருடத்துக்கு மேல் கொடுத்துப் பார்த்தார்கள். விழுவதும் குறையவில்லை, எலும்பு முறிவும் குறையவில்லை. விழாமலிருக்க வைட்டமின் டி கொடுங்கள் என்று 2012இல் சொன்ன அந்த நாட்டின் நோய்த்தடுப்புப் பரிந்துரைக் குழுவே 2018இல் அதற்காகக் கொடுக்கவேண்டாம் என்று மாற்றிச் சொன்னது.

அப்புறம், தினமும் ஞாபகம் வைத்துப் போடுவதற்குப் பதிலாக மொத்தமாக ஒரே பெரிய டோஸாகப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தாய். தயவுசெய்து நீயாக அதைச் செய்யாதே. ஆஸ்திரேலியாவில் 70 வயதைத் தாண்டிய 2,256 பெண்களில் ஒரு பாதிக்கு வருடத்துக்கு ஒரு முறை ஐந்து லட்சம் யூனிட் கொடுத்தார்கள். 2010இல் முடிவு வந்தபோது எல்லோருக்கும் அதிர்ச்சி: மருந்து வாங்கியவர்கள்தான் அதிகம் விழுந்திருந்தார்கள், 15 சதவீதம் கூடுதலாக, எலும்பு முறிவு 26 சதவீதம் கூடுதலாக. அதுவும் டோஸ் போட்ட முதல் மூன்று மாதத்தில்தான் அதிகம். சூரிக்கில் மாதம் 60,000 யூனிட் கொடுத்துப் பார்த்தபோதும், 24,000 வாங்கியவர்களைவிட இவர்கள்தான் கூடுதலாக விழுந்தார்கள்.

இதைப் படித்துவிட்டு எல்லாவற்றையும் தூக்கிக் குப்பையில் போட்டுவிடாதே. ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி குறைவு என்று வந்திருந்தால், அல்லது எலும்புத் தேய்மானத்துக்கு மருந்து எடுக்கிறாய் என்றால் டாக்டர் இதைக் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது, அதை நிறுத்தக்கூடாது. உனக்கு அப்படி யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, பக்கத்து வீட்டில் சொன்னதைக் கேட்டு வாங்கியிருக்கிறாய், அதனால்தான் கேட்கிறேன். உனக்கு ஒரு தடவை சிறுநீரகக் கல் வந்து பட்ட பாடு மறந்துவிட்டதா? 36,000க்கும் மேற்பட்ட பெண்களைக் கவனித்த ஓர் ஆய்வில் கால்சியமும் டியும் சேர்த்து எடுத்தவர்களுக்குக் கல் வருவது 17 சதவீதம் கூடியது. தைராய்டு மாத்திரை வேறு போடுகிறாய், அதற்கும் கால்சியத்துக்கும் நடுவில் நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும், இல்லையென்றால் தைராய்டு மருந்து உடம்பில் சரியாகச் சேராது. எவ்வளவு கால்சியம் எடுக்கிறாய் என்று டாக்டர் கேட்பார், அதனால் மாத்திரை அட்டையை எடுத்துப் பார். கால்சியம் கார்பனேட் 1,250 மி.கி. என்று போட்டிருந்தால் அதில் கால்சியம் 500 மி.கி.தான் இருக்கிறது. அந்த வகையைச் சாப்பாட்டோடு போட்டால்தான் சரியாகச் சேரும்.

அப்போது எதுதான் உதவும் என்று கேட்பாய். கால்தான். 108 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2019இல் பார்த்தபோது, உடற்பயிற்சி செய்கிற முதியவர்கள் விழுவது கிட்டத்தட்ட 23 சதவீதம் குறைந்திருந்தது. வெறும் நடை போதாது, தடுமாறாமல் நிற்கவும் எழுந்து உட்காரவும் பழக்குகிற பயிற்சி வேண்டும். நான் செய்வதைச் சொல்கிறேன். கனமான நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கையை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு எழுந்திருப்பேன். எழுந்திருப்பதைவிட உட்காருவதுதான் கஷ்டம், தொப்பென்று விழாமல் மெல்ல மெல்லக் கீழே வரவேண்டும், தொடை நடுங்கும், நடுங்கட்டும். பிறகு சமையல் மேடையை லேசாகப் பிடித்துக்கொண்டு ஒரு பாதத்தின் குதிகாலை இன்னொரு பாதத்தின் விரல்நுனியில் ஒட்டவைத்து நிற்பேன். ஆரம்பத்தில் உன்னோடு யாராவது பக்கத்தில் இருக்கட்டும். ஒரு பிசியோதெரபிஸ்டைப் பார்த்து உன் இடுப்புக்கு ஏற்றபடி கற்றுக்கொண்டால் இன்னும் நல்லது.

ஆனால் எனக்கு உன் விஷயத்தில் உண்மையான சந்தேகம் வேறு. நீ விழுந்தது ராத்திரி, பாத்ரூம் போக எழுந்தபோது. ரத்த அழுத்த மாத்திரை போடுகிறாய், தூக்கத்துக்கும் ஏதோ ஒன்று சேர்ந்திருக்கிறது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்ததும் ரத்த அழுத்தம் சரிந்து, கண் இருட்டி விழுந்தவர்களை வார்டில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன், அவர்களில் பலரிடம் "கால் தடுக்கியதா?" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். படுத்த நிலையில் ஒரு முறை, எழுந்து நின்ற ஒரு நிமிடத்தில் ஒரு முறை, மூன்றாவது நிமிடத்தில் ஒரு முறை பிரஷர் பார்க்கச் சொல். மேல் அளவு 20 குறைந்தால் அந்த மருந்துகளை டாக்டர் திரும்பப் பார்க்கவேண்டும். அதுவரை எழுந்ததும் கட்டில் ஓரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு நட, வழியில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும், மருமகளிடம் சொல்லி பாத்ரூமில் பிடிமானக் கம்பி போடச் சொல். தூக்க மாத்திரையை மட்டும் நீயாகத் திடீரென்று நிறுத்திவிடாதே, அது வேறு தொல்லை.

அடுத்த கடிதத்தில் போடுகிற மருந்து எல்லாவற்றின் பெயரும் அளவும் அட்டையைப் பார்த்து எழுதி அனுப்பு, கண்ணுக்கு விடுகிற சொட்டு மருந்து உட்பட. விழுவதற்கு முன்னால் தலை சுற்றியதா என்பதையும் நன்றாக யோசித்து எழுது. கடிதம் வரத் தாமதமானால் நானே போன் செய்வேன்.

அன்புடன்,
கமலா