தார்சிஸ்: உயரத்தை எங்கிருந்து அளப்பது?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் செவ்வாய்க் கோள் கட்டுரைக்கான படம், அக்கோளின் மிகப் பெரிய எரிமலையான ஒலிம்பஸ் மோன்ஸை தார்சிஸ் மேட்டுநிலத்தின் நடுவில் நிறுத்தி, உயரம் 27 கி.மீ. என்கிறது. இரண்டுமே சரியல்ல.

தார்சிஸ், செவ்வாயின் மேற்கு அரைக்கோளத்தில் நடுக்கோட்டை ஒட்டி ஏறத்தாழ 5,000 கி.மீ. அகலத்துக்குப் புடைத்து நிற்கும் நிலம். அதன் முதுகில் தென்மேற்கிலிருந்து வடகிழக்காக ஆர்சியா, பாவோனிஸ், அஸ்க்ரேயஸ் எரிமலைகள் ஒரே வரிசையில் இருக்கின்றன. ஒலிம்பஸ் அந்த வரிசையில் சேராது. மேட்டின் வடமேற்கு விளிம்பை ஒட்டிய தாழ்ந்த சமவெளியில் தனித்து நிற்கிறது.

இதைத் தவறவிட்டால் உயரக் கணக்கும் குழம்பிவிடும். உயரத்தை அளக்கத் தொடங்கும் சுழிய மட்டத்திலிருந்து பாவோனிஸின் உச்சி சுமார் 14 கி.மீ. என்றாலும், சுற்றியுள்ள தரையிலிருந்து அந்த எரிமலை எழும்புவது எட்டரை கி.மீ. அளவுக்குத்தான், மீதி மேட்டுநிலம் கொடுத்தது. ஆர்சியாவுக்குக் கிட்டத்தட்ட 18 கி.மீ.யில் சொந்த உயரம் 12. ஒலிம்பஸின் சுமார் 21-22 கி.மீ.யோ ஏறக்குறைய முழுவதும் அதன் சொந்த உயரமே.

27 என்பது பழைய கணக்கு. கடலே இல்லாத கோளில் கடல் மட்டம் ஏது? முன்பு காற்றழுத்தம் 6.1 மில்லிபார் உள்ள மட்டத்தைச் சுழியமாக வைத்தார்கள். துருவங்களில் கரியமில வாயு உறைவதும் ஆவியாவதுமாக இருப்பதால் அந்த அழுத்தம் பருவத்துக்குப் பருவம் மாறும். மார்ஸ் குளோபல் சர்வேயர் விண்கலத்தின் லேசர் உயரமானி 1999 முதல் கோள் முழுவதையும் அளந்தபின், ஈர்ப்பை வைத்து வகுத்த சமமட்டப் பரப்பே சுழியமானது. இதிலும் ஒரு வேடிக்கை: தார்சிஸின் பெரும் நிறை அந்தப் பரப்பையே அங்கே உயர்த்திவிடுகிறது. எனவே கோளின் மையத்திலிருந்து அளந்தால் புடைப்பு இன்னும் பெரிது.

சுழியம் எது என்பது ஏட்டுச் சண்டையல்ல. கியூரியாசிட்டி ஆய்வூர்தி இறங்கிய கேல் பள்ளத்தின் தரை சுழியத்துக்குச் சுமார் 4.5 கி.மீ. கீழே இருக்கிறது, பாராசூட் வேகத்தைக் குறைக்க அங்கே போதிய காற்று உண்டு. தார்சிஸின் மேல் அது இல்லை. இதுவரை எந்தக் கலமும் அங்கே தரையிறக்கப்படாததற்கு இது முக்கியக் காரணம்.

படத்தில் எரிமலையைக் கூம்பாக வரைந்ததும் பொருந்தவில்லை. ஒலிம்பஸின் அகலம் சுமார் 600 கி.மீ., சராசரிச் சரிவு 5 பாகை அளவுதான். குத்துயரத்தை எத்தனை மடங்கு பெருக்கியிருக்கிறீர்கள் என்று படத்தின் அடியில் குறிப்பிடுங்கள். சுழியத்திலிருந்து உயரம், சுற்றுத் தரையிலிருந்து உயரம் என இரண்டையும் தனித்தனியே கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்