முறையீடு பற்றி

அன்புள்ள சேகர்,

உன் கடிதமும் நகல்களும் வந்து சேர்ந்தன. மூட்டுவலி இப்போது எனக்கும் வந்தாயிற்று. நீ அன்று புலம்பியபோது சிரித்தேன் அல்லவா, நன்றாக வேண்டும் எனக்கு. அதை அப்புறம் பேசலாம்.

நகராட்சி உனக்கு உதவித்தொகை மறுத்ததை எதிர்த்து நீ எழுதிவைத்திருக்கும் முறையீட்டை முழுக்கப் படித்தேன். வேலை போனது, வாடகை பாக்கி, வீட்டுக்காரரின் நோட்டீஸ் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய். ஆனால் உனக்குக் கஷ்டமில்லை என்று நகராட்சி எங்குமே சொல்லவில்லையே. வருமானம் வரம்பைத் தாண்டுகிறது என்றுதான் மறுத்திருக்கிறார்கள். அந்த ஒரு வரிக்கு உன் மனுவில் பதில் இல்லை. இப்படி மனுக்களைப் பார்க்கும் நாற்காலியில் பல வருடம் உட்கார்ந்தவன் சொல்கிறேன், மறுத்த காரணத்தைத் தொடாத முறையீட்டை யாரும் இரண்டாம் முறை புரட்டுவதில்லை.

எந்த மாதக் கணக்கை எடுத்தார்கள் என்று கேட்டு, கணக்கிட்ட தாளின் நகலை வாங்கு. கடைசிச் சம்பளத்தைச் சேர்த்திருந்தால், வேலை நின்ற தேதி உள்ள கடிதமும் அதற்குப் பிந்தைய பேங்க் ஸ்டேட்மென்ட்டும் வை. உன் தம்பி கைமாற்றாகப் போட்ட பணம்தான் எனக்கு உறுத்துகிறது. அதையும் வருமானமாக எண்ணியிருப்பார்கள். திருப்பித் தரவேண்டிய கடன் என்று அவரிடம் எழுதி வாங்கிக்கொள்.

முறையிடக் கெடு எப்போது என்று மறுப்புக் கடிதத்தின் பின்பக்கம் பார். பொடி எழுத்தில் இருக்கும். காகிதங்கள் சேரும்வரை காத்திருக்காதே. முறையிடுகிறேன், ஆவணங்கள் தொடரும் என்று நாலு வரி இப்போதே கொடுத்து, நகலில் தேதி முத்திரை வாங்கு. நோட்டீஸில் உள்ள காலி செய்யும் தேதியைச் சொல்லி, அவசரமாக விசாரிக்கவும் கேள்.

நேரில் பேச வழியிருந்தால் விடாதே. 1970இல் கோல்ட்பர்க் எதிர் கெல்லி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நியூயார்க் நகர நிர்வாகத்துக்கு இதைத்தான் சொன்னது: உதவித்தொகையை நிறுத்துமுன் பெறுபவர் நேரில் பேச இடம் கொடுக்கவேண்டும், எழுதிக் கொடுப்பது மட்டும் போதாது. அந்தத் தீர்ப்பு உன் ஊரைக் கட்டுப்படுத்தாது, சரி. ஆனாலும் மறுத்த அதிகாரியே முறையீட்டையும் விசாரிக்கிறாரா என்று கேட்டுவை. அவரே என்றால் உன் ஆட்சேபத்தை எழுத்தில் கொடு.

புது வரைவை முதலில் எனக்கு அனுப்பு. ஒரு பக்கத்துக்கு மேல் போனால் நானே வெட்டிவிடுவேன்.

அன்புடன்,
ரகு