இரவில் ஒரு விடுதிக்கு இரண்டு தாதியர்

மதிப்புக்குரிய மாவட்டச் சுகாதார மேலதிகாரிகளுக்கு,

போன செவ்வாய்க்கிழமை கிண்ணியாவில் இறங்க வேண்டியவள் மூதூரில் கண் விழித்தேன். "தங்கச்சி, இறங்குங்க" என்று கண்டக்டர்தான் எழுப்பினார். இரவு டியூட்டி முடிந்தும், காலையில் வரவேண்டியவர் சுகவீன லீவு என்பதால் பகல் ஒரு மணி வரை நின்றேன். எங்கள் டியூட்டி அட்டவணையான ரோஸ்டர் உங்களிடமும் இருக்கிறது. ஆள் பற்றாக்குறையை முதலிலிருந்து விளக்கத் தேவையில்லை.

அந்த இரவில் எங்கள் ஆஸ்பத்திரி விடுதியில் (வார்ட்டில்) 38 நோயாளிகள், நான் ஒருத்தி. டெங்குப் பையன் ஒருவனுக்கு இரத்தக் குழாய்களிலிருந்து திரவக் கசிவு தொடங்கியிருந்தது. அந்தக் கட்டம் 24 முதல் 48 மணித்தியாலம் நீடிக்கும். மணிக்கொரு தடவை நாடித் துடிப்பு, பிரஷர், உள்ளே போன சேலைன், வெளியேறிய சிறுநீர் எல்லாம் அட்டையில் ஏற வேண்டும். மேல் பிரஷருக்கும் கீழ் பிரஷருக்கும் இடைவெளி 20க்கு இறங்கினால் டொக்டரை உடனே கூப்பிட வேண்டும். மூன்று மணிக்குப் பார்க்க வேண்டியதை மூன்று நாற்பதுக்குத்தான் பார்த்தேன். கடைசிக் கட்டிலில் ஒரு ஐயாவுக்கு மூச்சுத் திணறல். பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த நாற்பது நிமிடத்தை நினைத்து வீட்டில் நித்திரை வருவதில்லை, பஸ்ஸில்தான் வருகிறது.

ஆகவே கேட்கிறோம்: இரவில் ஒரு விடுதிக்கு இரண்டு தாதியர்.

2017இல் டெங்கு கிண்ணியாவைப் படுத்திய பாடு உங்களுக்குத் தெரியும். மழை விட்டால் என்ன வரும் என்று நுளம்புக்குத் தெரியும், ரோஸ்டருக்குத்தான் தெரியவில்லை.

எங்கள் களைப்புக்கு நீங்கள் தந்த மருந்து மன அழுத்தச் செயலமர்வு. அதுவும் எங்கள் லீவு நாளில். ஆழமாக மூச்சை இழுக்கச் சொன்னார்கள்; பக்கத்துக் கதிரை அக்கா இழுத்த மூச்சோடு உறங்கிவிட்டார். சாப்பிடத் தந்த ரோல்ஸ் நன்றாக இருந்தது, பொய் சொல்லக்கூடாது. பணிச்சோர்வு ஒரு நோயல்ல, வேலைத்தள அழுத்தத்தைச் சரியாக நிர்வகிக்காமல் விடுவதால் வருவது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இலேயே சொல்லிவிட்டது. நிர்வாகம் எங்கள் கையில் இல்லையே!

2022 நெருக்கடியோடு வெளிநாடு போனவர்களின் வேலையையும் இருக்கிறவர்கள்தான் இழுக்கிறோம். மேலதிக நேரத்துக்கு ஓ.டி. காசு தருகிறோமே என்பீர்கள். சரி, அந்தக் காசுக்கு நித்திரை விற்கும் கடை திருகோணமலையில் எங்கே இருக்கிறது?

கொஞ்சம் கூட எழுதிவிட்டேன், மன்னிக்கவும். இரவில் ஒரு விடுதிக்கு இரண்டு தாதியர். அடுத்த மாத ரோஸ்டர் போடுவதற்கு முன் தயவுசெய்து பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
தாதிய உத்தியோகத்தர் ஒருவர்,
கிண்ணியா