இலங்கை மலையகத்துக்குத் தண்ணீர்க் குழாய்: நம் கரையிலிருந்து போகும் குழுவுக்கு நன்கொடை வேண்டுகோள்

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், வேதாளை, பெரியபட்டினம், கீழக்கரை என்று இந்தக் கரையில் இருக்கும் உறவுகள் எல்லோருக்கும் வணக்கம், ஸலாம்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் இலங்கையைத் தாக்கியபோது நம் பக்கமும் கடலுக்குப் போகத் தடை இருந்தது. நாம் படகைக் கட்டிவிட்டு வீட்டில் இருந்தோம். அங்கே அறுநூறு பேருக்கு மேல் செத்துப்போனார்கள். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலை சரிந்து வீடுகளை மூடிவிட்டது. அதில் அடிபட்டவர்களில் தேயிலைத் தோட்டத்து லயங்களில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) இருக்கும் நம் சனங்களும் உண்டு.

நம் சனம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1820களில் தொடங்கி ராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, சேலம் பக்கமிருந்து பஞ்சம் பிழைக்கப் போனவர்களின் வழி இந்தக் கரைதான். தோணி ஏறி அக்கரையில் இறங்கி, காட்டுக்குள்ளே மாத்தளை வரை நடந்தார்கள். காய்ச்சலிலும் பசியிலும் பாதிவழியில் விழுந்தவர்கள் எத்தனையோ பேர். 1914இல் பாம்பன் பாலம் வந்த பிறகு ரயிலிலும் கப்பலிலும் போனார்கள். இன்று அகதிகள் முகாமாக நாம் பார்க்கும் மண்டபம் முகாம், தோட்டத்துக்குப் போகிறவர்களை நிறுத்திவைத்து நோய் பார்த்து அனுப்பிய இடம். அப்புறம் 1964 அக்டோபரில் சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் அங்கே என்று இரண்டு அரசாங்கமும் மனுசரைப் பங்கு பிரித்தன. அப்படித் திருப்பி அனுப்பப்பட்ட குடும்பங்கள் ராமேஸ்வரத்தில் கப்பலை விட்டு இறங்கியதை நேரில் பார்த்த பெரியவர்கள் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள்.

பதுளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பள்ளிக்கூடம் நடத்தும் ஆசிரியர் ஒருவரிடம் எங்கள் குழு தொடர்ந்து பேசிவருகிறது. என்ன வேண்டும் என்று கேட்டால் அவர் சொல்லும் முதல் பதில் தண்ணீர்தான். அங்கே கிணறு கிடையாது, மோட்டாரும் கிடையாது. மேலே மலையில் ஊற்றுக்கண் இருக்கும் இடத்தில் சின்னதாக ஒரு தடுப்புக் கட்டி, அங்கிருந்து கருப்புக் குழாயைச் சரிவிலேயே இறக்கி லயத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். மண் சரிந்தபோது தடுப்பும் போனது, குழாயும் பிய்ந்துபோனது. இப்போது காலையில் கொழுந்து எடுக்கப் போகிற பெண்கள், அதற்கு முன்னாலேயே பள்ளத்து ஓடைக்கு இறங்கிக் குடத்தோடு ஏறிவர வேண்டியிருக்கிறது. மழை பெய்தால் அந்த ஓடைத் தண்ணீரும் செம்மண்ணாகத்தான் வருகிறது. பிள்ளை மடுவத்தில் (தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தில்) விடும் கைக்குழந்தைகளுக்கும் அதைத்தான் காய்ச்சிக் கொடுக்கிறார்கள்.

ஊற்றிலிருந்து லயம் வரை புதிதாகக் குழாய் இறக்கி, இரண்டு தொட்டி வைத்து, பள்ளிக்கூடத்துக்கும் பிள்ளை மடுவத்துக்கும் தனிக் குழாய் கொடுப்பது, இதுதான் வேலை. வீடு கட்டப் போகவில்லை. எந்தச் சரிவில் வீடு கட்டலாம் என்று அந்த நாட்டின் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆசைப்பட்டு நாம் ஓர் இடத்தில் சுவர் எழுப்பி, அடுத்த மழையில் அது ஒரு குடும்பத்தின் மேல் விழுந்துவிடக் கூடாது.

குழுவில் கொத்தனார், பிளம்பர், எலக்ட்ரீஷியன், சமையலுக்கு இரண்டு அக்காமார், மீதிப் பேர் விசைப்படகுத் தொழிலாளர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் மே மாதம் அவர்களுக்குத் தோதுப்படுகிறது. பள்ளத்துக்குக் குறுக்கே குழாயை இழுத்துக் கட்ட வேண்டிய இடம் இரண்டு இருக்கிறது. கயிறும் கப்பியும் பிடித்துப் பழகிய கை அங்கே கட்டாயம் வேண்டும். அக்டோபரில் மழை பிடிப்பதற்குள் தொட்டியில் தண்ணீர் விழுந்தாக வேண்டும்.

தனுஷ்கோடி முனையிலிருந்து தலைமன்னார் ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். ஆனால் அந்த வழியில் கப்பல் ஓடாததால் மதுரைக்குப் போய்க் கொழும்புக்கு விமானம் பிடித்து, அங்கிருந்து வேனில் மலை ஏற வேண்டும். இந்த டிக்கெட் செலவுக்கும் விசாவுக்கும் உங்கள் பணத்திலிருந்து ஒரு ரூபாய் எடுக்க மாட்டோம். வசதியுள்ள குழு உறுப்பினர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். தொண்டு வேலைக்கு உரிய விசாவை முறையாகக் கேட்டு வாங்கி, தோட்ட நிர்வாகத்தின் எழுத்து அனுமதியோடுதான் போகிறோம். தங்குவது பள்ளிக்கூட ஹாலில், சமையல் நம்முடையது. அவர்கள் வீட்டு அரிசியில் கைவைக்கப் போவதில்லை.

உங்களிடம் கேட்பது குழாய், தொட்டி, சிமெண்ட், கம்பி இவற்றுக்கான 4 லட்சம் ரூபாய். எல்லாவற்றையும் பதுளைக் கடைகளிலேயே வாங்குகிறோம். நாளைக்கு உடைந்தால் மாற்றுவதற்கு அதே அளவு உருப்படி அங்கேயே கிடைக்க வேண்டும் அல்லவா?

தயவுசெய்து பழைய துணி கொடுக்க வேண்டாம். சுனாமி சமயத்தில் நாகப்பட்டினத்தில் யாரும் உடுத்த முடியாத துணிகள் சாலையோரம் குவிந்து கிடந்தன. வாங்குகிறவர்களுக்கு அது அவமானம்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு விஷயம். துபாயிலோ சவூதியிலோ வேலை பார்க்கும் இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் தங்கள் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பலாம். சிங்கப்பூர், மலேசியா என்று அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர்கள் அனுப்பினால் அது சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை ஆகிவிடும். அதைப் பெறும் பதிவு நம்மிடம் இல்லை. மனம் கோணாமல் ஊரில் இருக்கும் அண்ணன் தம்பிகளிடம் சொல்லி, அவர்கள் பங்காகக் கொடுக்கச் சொல்லுங்கள்.

பணத்தைக் குழுவின் வங்கிக் கணக்கில் மட்டும் போடுங்கள். கணக்கு விவரமும் ரசீதுப் புத்தகமும் ஒவ்வோர் ஊர்க் குழு உறுப்பினரிடமும் இருக்கிறது. நூறு ரூபாய்க்கும் ரசீது உண்டு. பதுளையில் வாங்கும் ஒவ்வொரு பில்லின் நகலும் பாம்பன் கடைத்தெரு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். மிச்சம் இருந்தால் அதே தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக் கழிப்பறைக்குப் போகும்.

குழாய்க்கு முன்பணம் கட்ட வேண்டியிருப்பதால் ஏப்ரல் 10ஆம் தேதிக்குள் கொடுத்து உதவுங்கள்.

இப்படிக்கு,
பயண ஏற்பாட்டுக் குழுவினர்,
பாம்பன்