பேத்தி தூங்கும் அறை

அன்புள்ள விஜி,

இங்கே எல்லோரும் நலம். பேத்தி பிறந்ததும் உன் குரலே பத்து வயசு குறைந்துவிட்டது. மூக்கு உங்க ஆச்சி மூக்கு என்று நீ சொன்னதை லலிதாவிடம் சொன்னேன், "ஐயோ பாவம் பிள்ளை" என்றாள். சண்டையை அவளிடம் வைத்துக்கொள்.

பேச்சோடு பேச்சாக நீ ஒன்று சொன்னாயே, அதிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. தாயும் பிள்ளையும் படுத்திருக்கிற அறையில் ஏசி, ஜன்னல் எல்லாம் அடைப்பு, சாயங்காலம் சாம்பிராணி, விடிய விடியக் கொசுவர்த்திச் சுருள். போனில் சொன்னால் "சரி சரி" என்று அடுத்த பேச்சுக்குத் தாவிவிடுவாய். அதனால்தான் கடிதம். முழுக்கப் படி.

உன் மாப்பிள்ளை வாசலில் நின்று ஒரு சிகரெட் பற்றவைத்ததற்கு, அந்த மனுஷரை முருங்கை மரத்தடி வரைக்கும் விரட்டினாயே, அது சரியான காரியம். ஆனால் சுருளைக் கட்டிலுக்கு அடியில் வைத்தது நீதானே? சீனாவிலும் மலேசியாவிலும் விற்கிற சுருள்களை எரித்து அளந்து 2003-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் எரிந்தால் வருகிற அளவு. பெரியவர்கள் நிமிஷத்துக்குப் பதினைந்து தடவை மூச்சு விட்டால் பச்சைப்பிள்ளை நாற்பது, அறுபது தடவை விடுகிறது. நம்மைவிட அதன் உடம்புக்கு அது இழுக்கிற காற்று அதிகம், நுரையீரலோ இன்னும் வளர்ந்தே முடியவில்லை. பிளக்கில் செருகுகிற திரவத்தில் புகை கிடையாது, ஆனால் அதுவும் பூச்சிமருந்துதான். கொசுவலை போடு. நம் அம்மாக்கள் போட்டார்கள்.

சாம்பிராணி விஷயத்தில் உன் அத்தை என்னைத் திட்டுவார்கள். தலைக்கு ஊற்றியதும் புகை காட்டாவிட்டால் சளி பிடிக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஈரத்தை மெத்தென்ற துண்டால் ஒற்றி எடுத்தாலே போதும், சளிக்குப் பயப்பட வேண்டாம். புகையைவிடத் தூபக்காலில் கிடக்கிற கரித்துண்டுதான் எனக்குக் கூடுதல் பயம். அடைத்த அறையில் கரி கனன்றால் கார்பன் மோனாக்சைடு என்கிற விஷவாயு சேரும், அதற்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. அத்தைக்கு மனசு கேட்கவில்லையென்றால் முற்றத்தில் வைத்துச் சாமிக்குக் காட்டட்டும். புகை போன பிறகு பிள்ளையை எடுத்து வரட்டும்.

இதெல்லாம் இவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். கார்த்திக் வீட்டிலிருந்து வேலை செய்கிறான் இல்லையா, மதியம் மூன்று மணியானால் தலைவலி, கொட்டாவி, எழுதிய வரியையே திரும்பத் திரும்ப எழுதுவது. கண்ணாடியை மாற்றினோம், நாற்காலியை மாற்றினோம், ஒன்றும் சரிவரவில்லை. கடைசியில் அவனே கரியமில வாயு அளக்கிற சின்ன மீட்டர் ஒன்று வாங்கிவந்து மேஜையில் வைத்தான். வெளிக்காற்றில் சுமார் 420 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 420 பங்கு, இருக்க வேண்டியது, கதவை அடைத்து ஏசி போட்டிருந்த அந்த அறையில் மதியத்துக்குள் 2,000-ஐத் தாண்டி நின்றது. ஸ்ப்ளிட் ஏசி வெளியிலிருந்து துளிக் காற்றுகூடக் கொண்டுவராதாம் விஜி, இருக்கிற காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கும். அடைத்த அறையில் நாம் விட்ட மூச்சையே நாம் திரும்ப இழுக்கிறோம்.

1858-லேயே மியூனிக்கில் பெட்டன்கோஃபர் என்ற சுகாதார அறிஞர், அறைக்குள் இந்தக் கரியமில வாயு 1,000 பிபிஎம் தாண்டினால் காற்று கெட்டுவிட்டது என்று எல்லை போட்டிருக்கிறார். அமெரிக்காவில் பெர்க்லி ஆய்வகத்தார் 2012-இல் 22 பேரை 600, 1,000, 2,500 என்று மூன்று அளவுகளில் உட்காரவைத்து முடிவெடுக்கும் திறனைச் சோதித்தார்கள். 1,000-லேயே சரிவு தெரிந்தது, 2,500-இல் பல பரீட்சைகளில் படுசரிவு. பிறகு வந்த எல்லா ஆய்விலும் இவ்வளவு வித்தியாசம் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை. ஆனாலும் இப்போது அவன் காலையிலும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் ஜன்னலையும் எதிர்க்கதவையும் திறந்து போடுகிறான், மீட்டர் இறங்குகிறது, மூன்று மணித் தலைவலி அபூர்வமாகிவிட்டது. எங்களுக்கு ரோட்டுத் தூசி ஒரு தொல்லை, அதனால் வண்டி குறைந்த நேரமாகப் பார்த்துத் திறக்கிறோம். உனக்கு அம்பாசமுத்திரத்தில் என்னடி கேடு? வயற்காற்று வாசலில் நிற்கிறது, நீ கதவைச் சாத்துகிறாய்!

உங்க பழைய வீட்டை நினைத்துப் பார். முன்பக்கத் தார்சாவில் நுழைகிற காற்று பட்டாசல் கூடம் வழியாகப் போய் முற்றத்தில் ஏறிவிடும். அதற்காக அந்தக் காலத்தைக் கும்பிட என்னால் முடியாது. சிகரெட்டைக் கையால் தொடாத உங்க ஆச்சி, அந்த அடுக்களையில் விறகடுப்பை ஊதியே இருமி இருமிப் போனார்கள். வீட்டுக்குள் சேரும் புகையால் 2020-இல் மட்டும் உலகத்தில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் இரண்டு லட்சத்துக்கும் மேல் ஐந்து வயது நிரம்பாத பிள்ளைகள். அதைப் படித்தபோது நீ இங்கிருந்தால் உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அந்த ஜன்னலைத் திறந்திருப்பேன்.

ஏசி மாட்டும்போது மேலே இருந்த வெண்டிலேட்டரைத் தெர்மாகோல் வைத்து அடைத்தார்களே, அதைப் பிடுங்கச் சொல். கொஞ்சம் கரண்ட் கூடினால் கூடட்டும். மிளகாய் வறுக்கும்போதும் தாளிக்கும்போதும் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும், அடுப்பை அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் விட்டுவை. அப்புறம் அந்த மருள் செடித் தொட்டிகள். காற்றைச் சுத்தம் செய்யும் என்று வரிசையாக வாங்கி அடுக்கியிருக்கிறாய், பார்க்க அழகு, இருக்கட்டும். பழைய ஆய்வுகளையெல்லாம் 2019-இல் திரும்பக் கணக்குப் பார்த்தபோது, சாதாரணக் காற்றோட்டம் செய்கிற வேலையைச் செடி செய்ய ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது பத்துத் தொட்டி வேண்டும் என்று வந்தது. படுக்க இடம் இருக்காது.

குடை மாதிரி விரிகிற கொசுவலை ஒன்று கூரியரில் அனுப்பியிருக்கிறேன். வந்ததும் ஒருமுறை அலசிக் காயவைத்துவிட்டுப் போடு. மேரி, பெயர் வைத்தாயிற்றா என்று கேட்கச் சொன்னாள். கோமதி என்று வைத்தால் தங்க வளையல் போடுவாளாம். நான் சிபாரிசு செய்யவில்லை, சத்தியமாக.

அன்புடன்,
கோமதி