எலுமிச்சை ரொட்டி

சான் ஹோசே, கலிஃபோர்னியா,
பிப்ரவரி 8

அன்புள்ள தங்கச்சிக்கு அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் முட்டி வலி எப்படி இருக்கிறது? எண்ணெய் தேய்ப்பதை விட்டுவிடாதே.

இங்கே குளிர்காலம் என்றாலும் பனி கொட்டுகிற ஊரில்லை. தெருவில் நடந்தால் வீட்டுக்கு வீடு எலுமிச்சை மரம், பழுத்து உதிர்கிறது. பறித்து மாளாதவர்கள் அட்டைப்பெட்டியில் போட்டு, 'இலவசம்' என்று எழுதி வாசலில் வைத்துவிடுகிறார்கள். ஓசியில் எடுக்க முதலில் கூச்சமாக இருந்தது. இப்போது நடக்கப் போகும்போதே பையும் கையுமாகத்தான் போகிறேன். இலை, காம்பு இல்லாத பழமாகப் பார்த்து எடுக்கச் சொல்கிறாள் மருமகள். இலையில் ஒட்டிவரும் ஒரு பூச்சி, மரத்தையே கொல்லும் நோயைப் பரப்புமாம்.

இதன் பெயர் மேயர் எலுமிச்சை. ஃபிராங்க் மேயர் என்று அமெரிக்க விவசாயத் துறையில் ஒருவர், சீனாவில் மைல் கணக்கில் நடந்தே செடி சேகரித்தவர். அவர்தான் 1908இல் இதைக் கொண்டுவந்தார் என்று பேரன் படித்துச் சொன்னான். 1940களில் இந்த மரங்கள் ஒரு வைரஸைச் சுமப்பது தெரிந்து, ஆரஞ்சுத் தோட்டங்களுக்கு ஆபத்து என்று ஏராளமாக வெட்டிப் போட்டார்களாம். நோயில்லாத ரகம் 1975இல் வந்திருக்கிறது.

தோல் மெல்லிசு, வாசனை பாதி ஆரஞ்சு, புளிப்பும் குறைவு. நம் ஊறுகாய்க்கு ஒத்துவரவில்லை, உப்பில் குழைந்துவிட்டது. ரசத்துக்கும் எடுபடவில்லை. ஆனால் மருமகள் இதை வைத்து ஒரு பின்னல் ரொட்டி சுடுகிறாள் பார், அதற்கென்றே விளைந்த பழம்!

முதல் நாளே பூரணம் தயாராகிவிடும். முட்டை மஞ்சள் கரு, சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, துருவிய தோல் எல்லாவற்றையும் கொதிக்கும் தண்ணீர் மேல் கிண்ணத்தில் வைத்துக் கிளற வேண்டும். கரண்டியில் ஒட்டுகிற பதம் வந்ததும் வெண்ணெய். லெமன் கர்ட் என்கிறார்கள். ஃபிரிட்ஜில் இறுகாவிட்டால் ரொட்டியிலிருந்து வழிந்துவிடும்.

மாவு நம் பரோட்டா மாவை விட இளக்கம். மூன்றரை கப் மைதாவுக்கு இரண்டு முட்டை, கொஞ்சம் தயிர், உருக்கிய வெண்ணெய், சர்க்கரை, ஈஸ்ட். இந்தக் குளிரில் அது பொங்குவதற்கு ஓவன் அடுப்புக்குள் விளக்கை மட்டும் போட்டு வைப்பார்கள். நான் இட்லி மாவு வைப்பதும் அங்கேதான்! சனிக்கிழமை யாருக்கு ஓவன் என்பதில் எங்களுக்குள் தகராறே உண்டு. பெரும்பாலும் இட்லிதான் ஜெயிக்கும்.

பின்னல் என்றதும் மூணுகால் பின்னல் என்று நினைத்துக்கொள்ளாதே. மாவை நீளச் சதுரமாகத் தேய்த்து, நடுவில் கிரீம் சீஸும் கர்ட்டும் தடவி, இரண்டு ஓரங்களையும் ஒரு அங்குலக் கீற்றுகளாக வெட்டி, இடது ஒன்று வலது ஒன்று என்று சாய்வாக மேலே மடிக்க வேண்டும். அந்த வேலை என் பொறுப்பு. மருமகளின் கீற்றுகள் ஒன்றுக்கொன்று கோணும், அவளிடம் இதைச் சொல்லிவிடாதே. மறுபடி உப்பியதும் முட்டை தடவி, பெரிய மணிச் சர்க்கரை தூவி, 190 டிகிரி செல்சியஸில் அரைமணி நேரம். தெரு முனை வரை மணக்கிறது.

சூடாகவே வெட்டச் சொல்லிப் பேரன் குதிப்பான். ஆறினால்தான் துண்டு ஒழுங்காக வரும். காபியோடு சாப்பிட அருமை. நான் அதிகம் சாப்பிடுவதில்லை, சர்க்கரை மாத்திரை வேறு ஏறியிருக்கிறது.

உன் மகள் வாங்கி மூலையில் வைத்திருக்கிறாளே ஓடிஜி என்கிற சின்ன ஓவன், அதிலேயே வரும். பாதி அளவு மாவு போதும். ஆனால் நம்மூர் எலுமிச்சை கடும் புளிப்பு, அதனால் சாற்றில் பாதியைக் கமலா ஆரஞ்சாக மாற்றிக்கொள். கிரீம் சீஸ் கிடைக்காவிட்டால் கெட்டித் தயிரைத் துணியில் இரவெல்லாம் தொங்கவிட்டு எடு. வீட்டில் முட்டை கூடாது என்கிற நாளில் செய்யாதே, மாமா முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

சுட்டால் எப்படி வந்தது என்று எழுது. ஞாயிறு காலை போன் செய்கிறேன், உங்களுக்கு அப்போது ராத்திரி.

அன்புடன்,
அக்கா